பூட்டுத் துப்பாக்கியும் ஒன்றாம் நம்பர் கொக்கியும்

ஜூன் 19, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல், பிறகு சந்தியாவந்தனம். 6.15க்குக் காப்பி, சிக்கரி கொஞ்சம் தூக்கல். 7.40க்குக் கிளம்பினேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் வலது செருப்பின் வார் அறுந்தது. 7.55க்குக் கிடங்கைத் திறந்தேன். 10 மணி முதல் 12.25 வரை சாவிகள்.

இவ்வளவும் என் டைரியில் உள்ளபடி. எந்த வருடத்து டைரி என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அட்டையையும் முதல் பத்துப் பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். ஜூன் 19 எந்த வருடத்தில் செவ்வாய்க்கிழமையாக வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போடும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களும் என்னைப் போன்றவர்களே. அவர்களுக்கு என் தனி வணக்கம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படுக்கப்போகும் முன் நாள் முழுவதையும் யோசித்து யோசித்து டைரி எழுதுகிறவன் அல்ல நான். நடந்ததை நடந்த கையோடு, மணியைப் போட்டு எழுதிவிடுவேன். யாராவது ஏதாவது சொன்னால், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். இந்தப் பழக்கத்துக்காக நான் வாங்கிய கிண்டல் கொஞ்சமல்ல. ஒரே ஒரு நாள் அது எனக்குக் கைகொடுத்தது.

பதினேழு கொக்கிகள்

அப்போது நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மரைக்காயர் ஒருவரின் கிடங்கில் ரைட்டர். பழவேற்காட்டிலிருந்து வந்த குடும்பம் அவர்களுடையது. கயிறு, வலைநூல், தார்ப்பாய், கருவாடு, காய்ந்த இறால் எல்லாம் ஒரே கூரையின் கீழ். திருவள்ளூர்க் கோயில் தெருவில் பிறந்த வைணவன் இறால் மூட்டைகளுக்கு நடுவில் பதினோரு வருஷம் உட்கார்ந்து எழுதினேன். என் மூக்கு இரண்டே மாதத்தில் பழகிவிட்டது. என் மனைவி அலமேலுவின் மூக்கு கடைசிவரை பழகவில்லை. சாயங்காலம் வாசல்படியைத் தாண்டுமுன் கொல்லைப்புறமாகச் சுற்றிக் கிணற்றடிக்குப் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

பட்டாளத்துக் கழிவுச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்பதும் மரைக்காயரின் தொழில்களில் ஒன்று. அப்படி வந்த நான்கு இரும்பு அலமாரிகளில் மூன்று விற்றுப்போக, ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். தடித்த தகடு. கீல்கள் எல்லாம் உள்பக்கம். கதவைத் தள்ளினால் போதும், டக்கென்று தானே பூட்டிக்கொள்ளும். சாவி ஒன்றே ஒன்று.

கிடங்கில் அதுவரை சாவிகள் இருந்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பொறுக்காது. ஒன்று ஆணியில், ஒன்று இழுப்பறையில், ஒன்று மரைக்காயரின் பச்சை பெல்ட்டில், ஒன்று உலர்ந்த இறாலுக்குள். அன்று காலை எல்லாவற்றையும் திரட்டினேன். மொத்தம் பதினேழு. அலமாரிக்குள் பதினேழு கொக்கிகள் அடித்தேன், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டினேன். பிறகு, சாவிப் பதிவேடு. அதன் முதல் வரி இது:

‘சாவி எண் 1. விவரம்: சாவி அலமாரியின் சாவி. வைக்கும் இடம்: சாவி அலமாரி, கொக்கி எண் 1.’

மை உலர ஊதினேன். சரிபார்த்ததற்கு அடையாளமாகச் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். ஒன்றாம் நம்பர் சாவியை ஒன்றாம் நம்பர் கொக்கியில் மாட்டினேன். கதவைத் தள்ளினேன்.

டக்.

அந்தச் சத்தம் கொடுத்த திருப்தி சரியாக நான்கு மணி ஐந்து நிமிடம் நீடித்தது.

நாலரை மணி

நாலரைக்கு ஹாஜிரா வந்தாள். மரைக்காயரின் ஒரே மகள். அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டணத்தில் அவளுக்கு இண்டர்வியூ, ஆசிரியைப் பயிற்சிக்கு. அன்று மாலை ஏழு பத்து வண்டியில் தகப்பனும் மகளும் கிளம்பி, மண்ணடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் போவதாக ஏற்பாடு. வந்திருந்த கடிதத்தில், மதிப்பெண்கள் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நேரில் காட்டாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

நகல் எடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்பு அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்திருந்தவன் நான்.

“ரைட்டர் மாமா, எம் பொஸ்தகம்?”

“பத்திரமா இருக்கும்மா. அலமாரில, ரெண்டாம் தட்டு, இடது பக்கம்.”

“எடுத்துக் குடுங்க. பெட்டில வெக்கணும்.”

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். கை பழக்கத்தில் தேடியது. சாவி இல்லை. எனக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாத காலம் அன்று காலையோடு முடிந்துவிட்டதே. பதிவேட்டைப் பெருமையாக எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

ஹாஜிரா என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டே படித்தாள். “சாவி அலமாரியோட சாவி. வைக்கும் இடம்... சாவி அலமாரி.” சிவப்பு டிக்கின் மேல் விரலை வைத்தாள். “மாமா, இதுக்கு நீங்க டிக்கு வேற போட்டுக்கிறீங்க.”

மரைக்காயர் கூப்பிடாமலே வந்துவிட்டார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஏனென்றால் அவர் அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். பழவேற்காட்டுச் சொந்தங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தன. பெண் பட்டணத்தில் தங்கிப் படிப்பதா என்று ஒருவர், படித்துச் சம்பாதித்துத்தான் ஆக வேண்டுமா என்று ஒருவர். ஹாஜிரா தகப்பனிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா ஒருத்தர்கூட இல்லை, அதனால் பெண்பிள்ளைகள் ஐந்தாவதோடு நின்றுவிடுகிறார்கள், தான் டீச்சராகப் போனால் அவர்கள் பாதியில் நிற்க மாட்டார்கள். இதற்கு அவர் சரி என்றுவிட்டு, உள்ளூர ஏதாவது ஒரு தடை வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தடையை நான் எண் போட்டு, டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

“இத பாரு ஹாஜிரா,” என்றார் மெதுவாக. “நான் வேணாம்னு சொல்லல. மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள அலமாரி தொறந்திச்சின்னா போவோம். இல்லன்னா அல்லா நாடலன்னு உட்டுடணும். அப்பால அடுத்த வருஷம், அது இதுன்னு பேசக் கூடாது. சரியா?”

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். மஃரிப் பாங்கு என்பது சூரியன் மறைந்ததும் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கொடுக்கும் அழைப்பு; அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

நான் டைரியை எடுத்து எழுதினேன். ‘4.40. மரைக்காயர்: மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள அலமாரி தொறந்திச்சின்னா போவோம்.’

“இப்பவும் எழுதிக்கினே கீறாரு பாரு,” என்றார் மரைக்காயர்.

அது துப்பாக்கிதானா?

அலமாரியைத் திறக்க எங்களிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. இந்த இடத்தில் அதன் பூர்வகதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அலமாரிகளோடு பெட்டிக்குள் வந்த சாமான் அது. பிடி, விசை எல்லாம் துப்பாக்கி போலவே இருக்கும். குழலுக்குப் பதில் முன்னால் ஒரு மெல்லிய எஃகு ஊசி. அந்த ஊசியைச் சாவித் துவாரத்துக்குள் விட்டு விசையை இழுத்தால், உள்ளே இருக்கும் வில் விடுபட்டு, ஊசி மேல்பக்கமாக டக்கென்று ஒரு தட்டுத் தட்டும். கூடவே சின்னதாக வளைந்த கம்பி ஒன்று. இடது கையால் அதைத் துவாரத்தின் விளிம்பில் கொடுத்து, பூட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாவி தொலைந்தால் பட்டாளத்தில் இதை வைத்துத்தான் திறப்பார்களாம். பழகிப்பார்க்க ஒரு தனிப் பூட்டும் பெட்டியில் இருந்தது.

கிடங்குச் சாமான் பட்டியலில் நான் அதை எழுதி, பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். ‘துப்பாக்கி – 1.’

ஒரு வாரம் கழித்து, சைக்கிள் திருட்டு விஷயமாக விசாரிக்க வந்த ஏட்டு ஒருவர் மோர் குடித்துக்கொண்டே அந்தப் பட்டியலைப் படித்தார். டம்ளரை வைத்தார்.

“லைசென்ஸ் எங்க?”

சாமானை எடுத்துக் காட்டினேன். ஆட்களைச் சுடாது, பூட்டைத்தான் திறக்கும் என்றேன். திறந்து காட்டச் சொன்னார். பழகும் பூட்டை மேஜை மேல் வைத்து, அவர் முன்னால் பதினோரு முறை இழுத்தேன். பதினோரு முறையும் டக்கென்றது. பூட்டு அசையவில்லை.

ஏட்டு மிச்ச மோரைக் குடித்து முடித்தார். “லைசென்ஸ் வேணாம் சாமி. இத்த வெச்சி ஆளையும் கொல்ல முடியாது, பூட்டையும் தொறக்க முடியாது. பேரை மட்டும் மாத்திடு.”

அன்றே மாற்றினேன். ‘துப்பாக்கி (பூட்டுக்கு மட்டும்) – 1.’

இடது கையின் கோபம்

அந்தப் பதினோரு தோல்வி என்னை உறுத்தியது. தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து இரண்டரை வரை பழகுவது என்று வைத்துக்கொண்டேன். எத்தனை முறை இழுத்தேன், ஊசியை எவ்வளவு தூரம் விட்டேன் என்று எல்லாவற்றுக்கும் டைரியில் குறிப்பு உண்டு. இரண்டு மாதத்தில் பூட்டு திறந்தது நான்கு முறை. அதில் இரண்டு முறை அது முதலிலேயே பூட்டாமல் இருந்ததாக மெக்கானிக் சுப்பையா சாட்சி சொல்கிறார்.

சுப்பையாவுக்கு எங்கள் கிடங்கை ஒட்டி ஒரு பட்டறை. பம்புசெட், சைக்கிள், தையல் மெஷின் எது வந்தாலும் பிரிப்பார். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் பாதி தெலுங்கு. அவர்தான் ஒரு நாள் அந்தப் பழகும் பூட்டைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒரு துணியில் கொட்டிக் காட்டினார். ஐந்து சின்னப் பித்தளைக் குச்சிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. மேல்துண்டு உருளைக்கு மேலேயும் கீழ்த்துண்டு உருளைக்குள்ளேயும் நின்றுவிட்டால் பூட்டு திரும்பும். சரியான சாவி ஐந்தையும் அப்படித் தூக்கி நிறுத்துகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

“அப்போ துப்பாக்கி இன்னா பண்ணுது?” என்று கேட்டேன்.

“அது எனக்கும் தெலீது நைனா,” என்றார் சுப்பையா. கேட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு நைனாதான்.

பதில் சொன்னது ஹாஜிரா. தகப்பனுக்குக் காப்பி கொண்டுவந்தவள், நான் இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “மாமா, நீங்க கேரம் ஆடுவீங்களா?”

“இல்லை.”

“ரெண்டு காய ஒட்டி வெச்சி, இந்தப் பக்கத்துக் காய டப்புனு அடிச்சா இன்னா ஆவும்? அடி வாங்கின காயி அங்கயே நிக்கும். அந்தப் பக்கத்துக் காயிதான் ஓடும். அதான் மாமா இது. ஊசி கீழ்த்துண்டத் தட்டுது, மேல்துண்டு எகிறுது. அது எகிறி எறங்கறதுக்குள்ள நீங்க திருப்பிடணும்.”

“அதைத்தானே பண்றேன்?”

“எங்க பண்றீங்க? தட்டறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பியப் போட்டு நசுக்கறீங்க. நசுக்கினா காயி எப்படி எகிறும்? இறுக்கிப் புடிச்சிக்கும்ல? வலது கை சரியாதான் கீது. இடது கையிலதான் இன்னாத்துக்கோ இவ்ளோ கோவம்.”

நான் டைரியில் எழுதினேன். ‘2.20. ஹாஜிரா: இடது கையில் கோவம்.’

தெரிந்துகொள்வது வேறு, கைக்கு வருவது வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லேசாகப் பிடிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்க நினைக்க, இடது கை இன்னும் உறுதியாகப் பிடித்தது. இருபது வருஷம் ரப்பர் ஸ்டாம்பு குத்திய கை அது. லேசாக எதையும் செய்து அதற்குப் பழக்கம் இல்லை.

திருவள்ளூரில் ஒரு சோதனை

அந்த மாத அமாவாசைக்குத் திருவள்ளூர் போனபோது துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அலமேலுவின் தம்பி கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்கிறவன். அவன் வீட்டு மரப்பெட்டியில் பெரிய பழைய பூட்டு ஒன்று தொங்கியது. என் வித்தையை அதில் காட்டப் பார்த்தேன். ஊசி உள்ளே போய் வெறும் வெளியில் தட்டியது. அந்த ஜாதிப் பூட்டுக்குள் குச்சிகள் கிடையாது, தகடுகள்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மைத்துனன் என்னைக் கவலையோடு பார்த்தான். “அத்திம்பேரே, கோயில் பக்கம் இதை எடுத்துண்டு போயிடாதேங்கோ. உண்டியல் இருக்கு. ஊர்லே நம்ம குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கு.”

பிறகு இடுப்புக்கு மேலே கையை விட்டு, பூணூலில் முடிந்திருந்த சாவியை எடுத்து, அந்தப் பெட்டியை ஒரே திருப்பில் திறந்தான்.

“எங்கப்பாவும் இப்படித்தான் வெச்சுண்டிருந்தார்,” என்றாள் அலமேலு, யாரையும் பார்க்காமல். “நான் சொன்னா எங்காத்துக்காரருக்கு ஏறாது.”

சாவிக்கு இடம் உடம்பல்ல, ஒழுங்கான ஒரு கொக்கி என்று நான் அங்கே ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பதினேழு கொக்கி யோசனை பிறந்ததே அன்றுதான்.

சொல்றதுக்குள்ள

இனி, அலமாரிக்கு முன்னால் எங்களை நிற்க வைத்துவிட்டு வந்த இடத்துக்குத் திரும்புகிறேன்.

4.50க்குச் சுப்பையா உளியும் சுத்தியலுமாக வந்தார். கதவு இடுக்கில் வைத்து இருபது அடி அடித்தார். பச்சைப் பெயிண்டு உதிர்ந்தது. தகடு நெளியக்கூட இல்லை.

“பட்டாளத்து இரும்பு நைனா. கீலு உள்ள கீது. வெட்டி எடுக்கறதுன்னா விடிஞ்சிடும். துளை போடற மெஷின் புதுவாயல்ல ஒரு வேலைக்குப் போயிருக்கு, நாளைக்குத்தான் வரும். உங்க துப்பாக்கிய எடுங்க. வேற தாரி லேது, வழியே இல்ல.”

5.05க்குத் துப்பாக்கியை எடுத்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் விவரமாக எழுதப்போவதில்லை. டைரியில் அந்தப் பக்கத்தில் வெறும் கோடுகள்தான். ஒரு இழுப்புக்கு ஒரு கோடு. பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கிறது. முதல் அரைமணி நேரம் சுப்பையா கோடு போட்டார். பிறகு அவர் துப்பாக்கியை வாங்கி இழுத்தார், நான் கோடு போட்டேன். அவர் கை என் கையைவிடக் கோபக்காரக் கை. வளைகம்பி இன்னும் கொஞ்சம் வளைந்ததுதான் மிச்சம். அதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் நானே வாங்கிக்கொண்டேன்.

மரைக்காயர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “இன்னா ரைட்டரே, எதிரி சரணடையறானா?” என்று ஒரு தரம் கேட்டார். “குண்டு தீந்துபோச்சா?” என்று ஒரு தரம் கேட்டார்.

ஹாஜிரா கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சின்ன டிரங்குப் பெட்டி பக்கத்தில் தயாராக இருந்தது. அவள் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. கேரம் என்று சொல்லவில்லை, கோவம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்த பெண் அன்று சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் வாயைத் திறந்து, “மாமா, உங்க டிக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

வெளிச்சம் ஜன்னல் கம்பிக்கு மேலே ஏறிவிட்டது. என் இடது கட்டை விரலில் கம்பி பதிந்து சிவந்து கிடந்தது. இழுத்தேன், டக். இழுத்தேன், டக்.

அப்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஆரம்பித்தது.

மரைக்காயர் எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து, உதட்டுக்குள் சொல்ல ஆரம்பித்தார். சுப்பையா கோடு போடுவதை நிறுத்தினார். ஹாஜிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். தோள் இறங்கியது. இடது கை இனி எனக்கென்ன என்று விட்டுவிட்டது. கம்பி விழவில்லை, அவ்வளவுதான். கையின் கனம்தான் அதைப் பிடித்திருந்தது. வலது கைக்கு மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரப் பழக்கத்தில் அது தன் பாட்டுக்கு இன்னொரு முறை விசையை இழுத்தது.

டக். கூடவே இன்னொரு சத்தம். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. ஒரு பெருமூச்சு இரும்பில் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

கம்பி என் விரலுக்கு முன்னால் தானே திரும்பியது. கதவு ஒரு விரற்கடை திறந்து நின்றது.

பாங்கு நடந்துகொண்டிருந்தது. பாங்கு நடக்கும்போது மரைக்காயர் பேச மாட்டார். அவர் பேசாதபோது நாங்களும் பேச மாட்டோம். கதவு திறந்திருக்க, நான்கு பேரும் அசையாமல் நின்றோம். அந்த நிமிடங்களில் நான் செய்தது ஒன்றுதான். இடது கையால் டைரியை மெதுவாக என் பக்கம் இழுத்து, 4.40ஐத் தேடினேன்.

பாங்கு முடிந்தது. மரைக்காயர் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார்.

“தொறந்திச்சி,” என்றார். “ஆனா பாங்கு ஆரம்பிச்சப்புறம்தானே ரைட்டரே தொறந்திச்சி?”

“ஆமாம்.”

“நான் இன்னா சொன்னேன்?”

“எழுதி வெச்சிருக்கேன்,” என்று படித்தேன். “‘மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள அலமாரி தொறந்திச்சின்னா போவோம்.’ சொல்றதுக்குள்ள. ஆரம்பிக்கறதுக்குள்ளன்னு நீங்க சொல்லலை. அலமாரி தொறந்தப்போ பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்க. முடிக்கலை.”

அவர்களோடு பேசும்போது எனக்கும் ‘க்கினு’ வந்துவிடும்.

“நான் நெனச்சது வேற.”

“நினைச்சதை நான் எழுதறதில்லை. சொன்னதை மட்டும்தான்.”

சுப்பையாவின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. மரைக்காயர் என்னிடமிருந்து டைரியை வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, அந்த வரியை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். படித்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இத்தனை வருஷமா இந்த டைரியால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேன்,” என்றார். “இன்னிக்கும் எனக்கு இல்ல. எம் பொண்ணுக்குத்தான்.” டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். “தொழுதுட்டு வந்துடறேன். பெட்டியில பொஸ்தகத்த வையி. ரைட்டர் கையில குடுத்துடாத, மறுபடியும் பத்திரமா வெச்சிடுவாரு.”

அவர் படி இறங்கும்வரை ஹாஜிரா பொறுத்திருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, இரண்டாம் தட்டு, இடது பக்கத்திலிருந்து தன் புத்தகத்தை எடுத்தாள். ஒன்றாம் நம்பர் கொக்கியிலிருந்து சாவியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“மாமா,” என்றாள், “கோவம் போச்சா?”

ஏழு பத்து வண்டி ஏழு இருபத்திரண்டுக்கு வந்தது. தகப்பனும் மகளும் ஏறியதை நான் பார்த்தேன்.

ஹாஜிரா டீச்சர் பத்திரிகையில் வரும் என் இந்தத் தொடரை வாராவாரம் பழவேற்காட்டில் படிக்கிறாள். நான் விட்ட ஒற்றுகளை எண்ணி, சிவப்பு மையில் எழுதி எனக்குத் தபால் கார்டு போடுகிறாள். சரியாக இருக்கும் பாராக்களுக்கு ஒரு டிக்கும் உண்டு. அந்த டிக்கை எதற்காகப் போடுகிறாள் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தது. இன்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போய், கிணற்றடியில் கால் கழுவும்போதே அலமேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாதத்தைப் போட்டுவிட்டு, என் பூணூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முதல் வேலையாக ஒன்றாம் நம்பர் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டேன். குளியல் அதற்குப் பிறகு.